சுண்ணாம்புக்கு அடியில் இருந்த நீலக் கோடுகள்

கோவை வெரைட்டி ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய பருத்தி அரவை ஷெட் ஒன்றில் நாங்கள் ஏழு பேர் படம் வரைகிறோம். எங்களுக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர்கள் சினிமா பேனர் ஆர்ட்டிஸ்டுகள். இரண்டு வருஷத்துக்கு முன் அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டும் பேச்சு கிளம்பியது. உரிமையாளர் குடும்பத்தில் மூத்த அம்மா ஒருவர் மட்டும், "இதுக்கு ஒரு சரித்திரம் இருக்குதுன்னு காயிதத்துல காட்டுங்க, என்ற தம்பிககிட்ட நான் பேசறேனுங்க" என்றார். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு போடுவது என்று முடிவெடுத்தோம். அதற்காகப் பதினான்கு மாதம் அலைந்ததை, இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வில்லங்கச் சான்று. நாங்கள் தேடியபோது ஆன்லைனில் 1975-க்குப் பிந்தையதுதான் கிடைத்தது. ஆன்லைனில் இல்லாததற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். நாங்கள் போன அலுவலகத்தில் முதலில் கொடுத்த சான்று வேறு யாருடைய இடத்துக்கோ உரியது. பழைய பத்திரங்களில் இருப்பது பழைய சர்வே எண். நகர நில அளவைக்குப் பிறகு அதுவே வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண் என்று மாறிவிட்டது. இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் தேடிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் வீணாய்ப் போனது. ஆகவே தேடச் சொல்லும் முன்பே, பழைய எண்ணுக்குப் புது எண் எது என்பதை நில அளவைப் பதிவேட்டிலிருந்து எழுதி வாங்கிவிடுங்கள். நான்கெல்லையையும் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாம் முறை 1937-ஆம் வருஷக் கிரயப் பத்திரத்தின் நகல் கையில் கிடைத்தது. "கட்டடமும் அதில் கண்ட அரவை யந்திரங்களும் மின்சார மோட்டார் இரண்டும் சகிதம்" என்று எழுதியிருந்தது. அந்த மோட்டார் இரண்டும் எங்களுக்குப் பெரிய சாட்சி. பைகாரா மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கிய பிறகுதானே கோவையில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின! எங்கள் ஷெட்டும் அந்த அலையில் ஓடியதுதான்.

கூரை ஓட்டில் 1868 என்று அச்சு இருந்ததைப் பார்த்து, கட்டடமே அந்த வருஷத்தது என்று எங்களில் ஒருவர் மனுவில் எழுதிவிட்டார். நல்லவேளை, கட்டடக்கலை படித்த தோழி ஒருத்தி தடுத்தாள். அது மங்களூர் ஆல்புகெர்க் ஓட்டுக் கம்பெனி தொடங்கிய வருஷம். ஓடு எப்போது சுட்டதானாலும் அதே எண்ணைத்தான் பதிப்பார்களாம். அப்படியே கொடுத்திருந்தால் மனு முழுவதையுமே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

கூரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரம்பப் பல் மாதிரி வரிசையாக நிற்கும் கூரை; சரிவில் ஓடு, நிமிர்ந்த வடக்கு முகத்தில் கண்ணாடி. மில்காரர்கள் 'நார்த் லைட்' என்பார்கள். வெயில் படாமல் ஒரே சீரான வெளிச்சம் வரும். அதற்காகத்தான் பேனர் ஆர்ட்டிஸ்டுகள் இந்த இடத்தைத் தேடி வந்தார்கள், நாங்களும் விடாமல் இருக்கிறோம். ஆனால் நம் ஊரில் சித்திரையிலிருந்து ஆவணி வரை உச்சி வெயில் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளைக் காடாத் துணி கட்டித்தான் வரைய முடியும். துணி கட்டுவதற்கென்று அடித்த ஆணிகள் உத்திரம் நெடுக இன்றும் இருக்கின்றன.

ஆனால் கிடைத்த பத்திரங்களையெல்லாம் புரட்டியும் பருத்தி, மோட்டார், வாரிசு, அடமானம் தவிர வேறொன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே படம் எழுதியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. செல்வபுரத்தில் இருக்கும் பழைய ஆர்ட்டிஸ்ட் ஒருவரைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியவர். டிரங்குப் பெட்டியிலிருந்து வாடகை ரசீதுகள் சிலவற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ரசீதெல்லாம் கெடக்குதுங் தம்பி, மேக்கால செவுத்துல சுண்ணாம்பச் சொரண்டிப் பாருங்க. சின்னப் பசங்க கட்டம் போட்டுப் பழகுனது அங்கதானுங்க" என்றார்.

மறுநாள் பட்டித் தகட்டால் மெதுவாகச் சுரண்டினோம். ஐந்து அடுக்கு வெள்ளைக்கு அடியில் நீலக் கோடுகள் தெரிந்தன. நீலப் பொடியில் நூலை முக்கி இழுத்து அடித்த கோடுகள். ஒரு கட்டம் சரியாக ஓர் அடி. போட்டோவில் ஓர் அங்குலம் என்றால் துணியில் ஓர் அடி, அதுதான் அவர்கள் கணக்கு. கட்டங்களுக்கு மேலே கரியால் 1 முதல் 12 வரை எண்கள். ஏழாவது, எட்டாவது கட்டங்களில் புருவத்தோடு ஓர் இடது கண், கருவிழியில் வெள்ளைப் புள்ளி வைக்காமலே விட்டது. நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடிக்கோல் வைத்துப் போட்டோ எடுத்து, அளவு எழுதி, பெரியவரின் வாக்குமூலத்தோடு மனுவில் சேர்த்தோம்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. அதையும் மனுவில் குறிப்பிட்டோம். முன்னுதாரணமாகப் பாரிஸின் லா ரூஷைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். 1900 உலகக் கண்காட்சியின் ஒயின் மண்டபத்தை வாங்கி, பிரித்து எடுத்து வந்து, 1902-இல் கலைஞர்களுக்கான பட்டறைகளாகத் திறந்தவர் ஆல்ஃபிரெட் பூஷே என்ற சிற்பி. ஷகாலும் சூட்டினும் அங்கே இருந்து வரைந்தவர்கள். இடிக்கப்பட இருந்ததைக் கலைஞர்கள் திரண்டு காப்பாற்றினார்கள். 1972-இல் அதன் முகப்பும் கூரையும் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. சென்னைக்கு அருகே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் யோசித்தேன். ஆனால் 1966-இல் அதைத் தொடங்கியவர்கள் சொந்தமாக நிலம் வாங்கியவர்கள். எங்களைப் போன்ற வாடகைக்காரர்களுக்கு லா ரூஷ்தான் பொருந்தியது.

கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். நான்கு மாதம் கழித்து இரண்டு பேர் டேப்போடு வந்து கூரை, சுவர் எல்லாம் அளந்தார்கள். அவர்களில் இளையவர் அந்தக் கண் முன்னால் வெகுநேரம் நின்று, "இதை யார் வரைஞ்சதுன்னு பேர் தெரியுமா?" என்று கேட்டார். பெரியவருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அம்மாவின் தம்பிகள், முடிவு வரும்வரை கூரையைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் புதுக் காடாத் துணி வாங்கிப் பழைய ஆணிகளிலேயே கட்டினோம்.