போகி சாம்பல்ல கிடைச்ச கல்லு

எங்க ஊர் கடலூர் பக்கம் ஒரு மீனவ கிராமம், பெரியப்பா வீடு கரையில இருந்து கூப்பிடு தூரம்தான். போகிக்கு மறுநாள் காலைல கரையோரமா நடந்துட்டு இருந்தப்ப முந்தின நாள் கொளுத்தின சாம்பல் மேட்டுல கால்ல ஏதோ இடறுச்சு, குனிஞ்சு பார்த்தா கைக்கு அடக்கமா கறுப்பா ஒரு கல்லு. கல்லுன்னு நினைச்சுதான் எடுத்தேன். ஆனா அந்த சைஸுக்கு இருக்க வேண்டிய கனம் இல்ல. திருப்பிப் பார்த்தா ஒரு பக்கம் பச்சைக் கயித்தோட முடிச்சு பாதி உருகி உள்ள போயிருக்கு, இன்னொரு பக்கம் கிளிஞ்சல் ஒண்ணு பதிஞ்சிருக்கு, நடுவுல பாட்டில் மூடியோட நீலம் வழிஞ்சு ஓடி அப்படியே உறைஞ்சு நிக்குது, அது மேல பூரா மணல்.

நான் காலேஜ்ல படிச்சது ஜியாலஜி, இப்ப வேலை பாக்குறது பாலிமர் லேப்ல. அதனால எனக்கு அது என்னன்னு உடனே தெரிஞ்சுடுச்சு, தெரிஞ்சதும் வயித்தைப் பிசைஞ்சுது. பிளாஸ்டிக் உருகி மணல், கல்லு, கிளிஞ்சலோட ஒட்டி இறுகிப்போன கட்டி. இதுக்கு ஒரு பேரே இருக்கு, பிளாஸ்டிகிளாமரேட்.

இந்தப் பேர் வந்தது ஹவாய்ல இருந்து. அங்க பெரிய தீவோட தென்கிழக்குக் கோடியில கமிலோன்னு ஒரு கடற்கரை, கடல் நீரோட்டம் பசிபிக் குப்பையை எல்லாம் கொண்டு வந்து ஒதுக்குற இடம். சார்லஸ் மூர்னு கடல் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் 2006-லயே இந்த மாதிரி கட்டிகளை அங்க பார்த்திருக்கார். எரிமலைத் தீவாச்சே, லாவா பட்டுத்தான் பிளாஸ்டிக் உருகியிருக்கும்னு முதல்ல சந்தேகம். கனடாவுல வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஜியாலஜிஸ்ட் பேட்ரீஷியா கார்கரன் நேர்ல போய் பார்த்தா, அந்த இடத்துக்கு லாவா வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப உருக்குனது யாரு? கரைக்கு வந்து தங்குற ஜனங்க மூட்டுற நெருப்புதான். கார்கரன், மூர், அவங்களோட கெல்லி ஜாஸ்வாக்னு ஒரு சிற்பி, மூணு பேரும் சேர்ந்து 2014-ல எழுதின கட்டுரையிலதான் இந்தப் பேர் முதல்ல வந்துச்சு.

இது நடக்குறதுக்கு பெரிய சூடெல்லாம் வேண்டாம். பாட்டில் மூடில இருக்குற பாலிஎத்திலீன் 130 டிகிரி பக்கத்துலயே இளகிடும், கயித்துல இருக்குற பாலிப்ரொப்பிலீன் 160-க்கு மேல, குப்பை எரியுற நெருப்புல நடுவுல அதைவிடப் பல மடங்கு சூடு இருக்கும். நடுவுல இருக்குறது எரிஞ்சு புகையாப் போகுது, ஓரத்துல இருக்குறது எரியாம உருகி மணலுக்குள்ள இறங்குது, கல்லுல இருக்குற சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள எல்லாம் புகுந்துடுது, ஆறும்போது சுருங்கி இறுக்கிப் பிடிச்சுக்குது. நாம அப்புறம் பாக்குறப்ப சாம்பல்தான் கண்ணுக்குத் தெரியும். குப்பை போயிடுச்சுன்னு வீட்டுக்கு வந்துடுறோம்.

லீவு முடிஞ்சு லேபுக்குக் கொண்டு போய் சுத்தியலால ஒரு தட்டு தட்டி ரெண்டாக்கி, ஒரு துணுக்கை எஃப்டிஐஆர் மெஷின்ல வச்சேன். ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுதுன்னு பார்த்து அது என்னன்னு காட்டுற மெஷின் அது, உறிஞ்சுற இடத்துல எல்லாம் கோட்டுல ஒரு பீக் வரும், அந்த இடத்துக்கு ஒரு நம்பர் இருக்கும். நீலப் பகுதியில 2915, 2848-ல ஜோடியா ரெண்டு பீக், 720 பக்கத்துல இன்னொண்ணு, சந்தேகமே இல்லாம பாலிஎத்திலீன். கயித்துல 1376 பீக் பளிச்சுன்னு நிக்குது, அது பாலிப்ரொப்பிலீன். ரெண்டுலயுமே 1715 கிட்ட புதுசா ஒரு மேடு, அது கார்பனைல், நெருப்புலயும் வெயில்லயும் ஆக்ஸிஜன் போய் ஒட்டுனதோட தடயம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனா அதே ஸ்பெக்ட்ரத்துல, அதாவது அந்தக் கோட்டுப் படத்துல, 798, 779-னு மணல்ல இருக்குற குவார்ட்ஸோட ரெட்டை பீக்கும் வந்து நின்னுச்சு பாருங்க, எங்க ஊர் மணலும் பாட்டில் மூடியும் ஒரே கோட்டுல. ரொம்ப நேரம் அந்த ஸ்கிரீனையே பார்த்துட்டு இருந்தேன்.

அப்புறம் உப்புத் தண்ணில போட்டுப் பார்த்தேன். வெறும் கயித்துத் துண்டு மிதந்துச்சு, மணல் ஏறுன துண்டு நேரா அடிக்குப் போயிடுச்சு. விஷயமே இங்கதான் இருக்கு. தனியா இருக்குற பாலிஎத்திலீன் தண்ணியவிட லேசு, அடிச்சுட்டுப் போய் எங்கேயாவது மிதந்துட்டு இருக்கும். மணலும் கல்லும் சேர்ந்தா அது மூழ்கும், அது மேல வண்டல் படியும், புதையும், புதைஞ்சா வெயிலும் கிடையாது அலையும் கிடையாது, அப்படியே பாறை அடுக்குக்குள்ள தங்கிடும். கார்கரன் சொல்றதும் இதைத்தான், நம்ம காலத்தோட அடையாளமா இது பூமில நிக்கலாம்னு.

ஹவாயோட முடியல. பிரேசில் கரையில இருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல தள்ளி நடுக்கடல்ல திரிந்தாஜின்னு ஒரு தீவு, கடற்படைக்காரங்களும் ஆராய்ச்சிக்குப் போறவங்களும் தவிர அங்க யாரும் கிடையாது. நிலச்சரிவு பத்தி ஆராய்ச்சி பண்ண 2019-ல போன ஃபெர்னாண்டா அவெலார் சான்டோஸ், பச்சை ஆமை முட்டை போடுற இடத்துப் பக்கத்துலயே பிளாஸ்டிக் பாறையைப் பார்த்தாங்க. பெரும்பாலும் மீன்பிடி வலை.

இங்கிலாந்துல கார்ன்வால் கரையில இன்னொரு ரகம். மணல் சேராம தனியா எரிஞ்சு, அலையில உருண்டு உருண்டு, பார்க்க சாம்பல் நிறக் கூழாங்கல் மாதிரியே இருக்கும், தண்ணில போட்டா மட்டும் மிதக்கும். ஆண்ட்ரூ டர்னர் குழு 2019-ல அதை ஆராய்ஞ்சப்ப நிறையத் துண்டுல ஈயமும் குரோமியமும் இருந்துச்சு, பழைய பிளாஸ்டிக்ல மஞ்சள், சிவப்பு நிறத்துக்குப் போட்ட லெட் குரோமேட் அது. அது மேல கூடு கட்டுன புழுவோட சுண்ணாம்புக் கூட்டுலயும் ஈயம் ஏறியிருந்துச்சு. அப்ப அந்த விஷம் பிளாஸ்டிக்குக்குள்ளயே பூட்டிக் கிடக்கல, உயிருக்குள்ள போகுது.

நமக்குப் பக்கத்துல 2021-ல கொழும்புக்கு வெளில எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சப்ப சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடல்ல கொட்டுச்சு. எரியாத வெள்ளைக் குருணையை ஜனங்க சல்லடை போட்டு அள்ளுனாங்க. எரிஞ்ச துண்டுங்க கரையில கிடக்குற கல்லு மாதிரியே இருந்ததால பிரிச்செடுக்குறதே பெரும்பாடு.

இதையெல்லாம் போன வாரம் பெரியப்பாகிட்ட உட்கார்ந்து சொன்னேன். லேப்ல உடைச்ச துண்டை கைல வச்சு உருட்டிப் பார்த்துட்டு, “இது நம்ம படகுக் கயிறுடா”ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. கிழிஞ்ச தங்கூசி வலை ஒரு மூட்டை வீட்டுப் பின்னாடி இருந்துச்சு, அடுத்த போகிக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தது. “சரி, கொளுத்தல. அப்ப இத எங்கடா போடுறது, நீயே சொல்லு”ன்னு கேட்டாரு. பழைய பேப்பர்க்காரர் வலைய எடுக்க மாட்டாரு, குப்பை வண்டில போட்டா அவங்களும் கொண்டு போய் மேட்டுலதான் கொட்டுவாங்க, அங்கயும் தீப்பிடிக்கும். ஊர்ல விசாரிச்சுட்டு இருக்கேன் பெரியப்பான்னு மட்டும் சொன்னேன். மூட்டை இன்னும் பின்னாடி கொட்டாயிலதான் இருக்கு, மழை படாம இருக்க மேல ஒரு தார்பாய் போட்டு மூடி வச்சிருக்காரு.