ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 11: வேலூர் வெயிலில் இது எப்படி, அடுத்து என்ன

வேலூர் வெயிலை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் 11, 14 என்று வருகிறது. குடியாத்தம் பக்கம் வீட்டுக்குள் பீடி சுற்றுகிறவர்களுக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் பகலைக் கழிக்கிறவர்களுக்கும் வெயில் ஊரில்தான் அடிக்கிறது, உடம்பில் படுவதில்லை.

எடுக்க வேண்டிய டெஸ்ட் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. வெறும் வயிறு தேவையில்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் லேபில் சொல்லிவிட வேண்டும். சில மெஷின்களில் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு.

கோளாறு பெரும்பாலும் வைட்டமின் டி மாத்திரையைப் போடும் விதத்தில்தான். 60,000 யூனிட் காப்ஸ்யூல் வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். அட்டையில் வரிசையாக இருக்கிறதே என்று தினம் ஒன்று விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், கடைசியில் கிட்னி. ஞாயிறு மதியம், கறிக்குழம்புச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கொழுப்போடு போனால்தான் நன்றாக உடம்பில் சேரும். கிட்னி கல் இருந்தவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறு டெஸ்ட் மூன்று மாதம் கழித்துப் போதும்.

காலை ஏழு மணி இளவெயில் இதற்கு அவ்வளவாக உதவாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. மார்கழி நடுப்பகலிலும் இங்கே அப்படித்தான் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் வீண். அதற்காகக் கத்திரியில் மொட்டைமாடியில் காய வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் தோல் வைட்டமினைச் சேர்ப்பதில்லை, வெயிலின் சேதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

வைட்டமின் டி கூடுதலாக இருப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகம் என்று சில வெளிநாட்டு ஆய்வுகளில் வந்ததற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்: இரண்டையும் தருவது ஒரே வெயில். அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது வீண் பயம். மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்பதும் நிற்கவில்லை. அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் சேர்த்து, தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வில் புற்றுநோய் வருவது குறையவில்லை.

நம் நிறத்துக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் வெயில் படாத உள்ளங்கால், நகத்தடியில்தான் அதிகம். கால் ஆணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்று விட்டுவிடுவார்கள். ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னே நகரும். நகராத, அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோட்டைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தாலும் அப்படியே.