மேல்வாயில் பல் எங்கே?

நேத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களைக் காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மாடுங்க பாட்டுக்கு மேயுது.

பெரியவர் ஒருத்தர் சாம்பல் நிற மயிலைப் பசுவோட வாயைப் பிரிச்சு, "மேல எத்தனை பல்லு, எண்ணுங்க சாமி"ன்னார். முன்பக்கம் ஒண்ணுகூட இல்லை, வெறும் ஈறு! "அப்புறம் எப்படிங்க தாத்தா புல்லைக் கடிக்கும்?"னு ஒரு பாப்பா கேட்டா. நாக்கால வளைச்சு, கீழ்ப்பல்லை ஈறோட அழுத்தி அறுக்கும்னு சொல்லி, அவ கையில ஒரு பிடி புல்லைக் குடுத்தார். சொரசொர நாக்கு உள்ளங்கையில பட்டதும் அவ கண்ணு விரிஞ்சதைப் பாக்கணுமே!

மாட்டோட வயசும் பல்லுலயே தெரியுமாம்: பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டா ஏறக்குறைய 2 வயசு. எட்டும் போட்டா கடை சேந்தாச்சு, அதாவது முன்பல் எல்லாம் போட்டு முடிச்சாச்சு. 'அசைபோடும் விலங்கு'ன்னு மனப்பாடம் பண்ண பிள்ளைங்க, நேத்துதான் ஒரு மாடு அசைபோடுறதை உக்காந்து பாத்தாங்க. எனக்கு அது பெரிய நிறைவு.

மயிலைக்குப் பிறந்த கன்னு செவப்பா இருந்தது ஏன்னு பிள்ளைங்களுக்கு ஒரே சந்தேகம். காங்கேயம் கன்னு பிறக்கறப்ப அப்படித்தான், 6 மாசம் வாக்குல நிறம் மாறும்னார் பெரியவர். மாறுச்சான்னு பாக்க மறுபடியும் போகணுமாம். இப்பவே தேதி கேக்குறாங்க.