ஏழு சங்கும் இரண்டு பெயரும்

எங்கள் விலங்கியல் துறையின் சிப்பி அலமாரிக்குப் புது லேபிள் எழுதும் வேலை போன கோடையில் என்னிடம் வந்தது. கூம்புச் சங்கு, சோழி எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. நம் சொந்தச் சங்கில்தான் மாட்டிக்கொண்டேன். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த ஏழு சங்குகள்; நான்கில் 'சாங்கஸ் பைரம்', மூன்றில் 'டர்பினெல்லா பைரம்' என்று எழுதியிருந்தது.

இரண்டு இனமாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வாய்ப்பக்கம் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடுத்தண்டில் அதே தடித்த மடிப்புகள், மூன்றோ நான்கோ. ஒரே உயிர்தான். அதே மடிப்புகளுக்காகத்தான் 1767இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை 'வொலூட்டா' பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி; அறிவியல் பெயரின் முதல் சொல் அதுதான்) வைத்தார். மணலுக்குள் புழு வேட்டையாடித் திரியும் உயிரை அவர் வெறும் ஓடாகத்தான் பார்த்திருக்க முடியும். கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் நம் குளியாட்களோ இதன் முட்டைக்கூட்டுக்குக்கூட 'சங்குப்பூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, இரண்டு பெயர் ஏன்? அதைத் தேடித்தான் ஒரு வாரம் போனது. ஹாம்பர்க் மருத்துவர் போல்டன் இறந்தபின் அவருடைய சிப்பிச் சேகரிப்பை விற்க 1798இல் ஒரு பட்டியல் அச்சானது. அதைத் தயாரித்த ரோடிங், இந்தப் பேரினத்துக்கு 'சாங்கஸ்' என்று பெயரிட்டார். நம் 'சங்கு' என்ற சொல்லேதான்! அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. மறு ஆண்டே பாரிசில் இயற்கையியலாளர் லாமார்க் அதே பேரினத்தை 'டர்பினெல்லா' என்றார். விற்பனைப் பட்டியலை நெடுங்காலம் யாரும் கண்டுகொள்ளாததால் லாமார்க் வைத்த பெயரே பரவிவிட்டது.

விதிப்படி மூத்த பெயருக்குத்தான் முதலிடம். அந்த உரிமையில் சாங்கஸ் இருபதாம் நூற்றாண்டில் திரும்பவும் புழக்கத்துக்கு வந்தது. எங்கள் நான்கு லேபிளும் அதன் மிச்சம். அப்புறம் 1957இல் விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையம், ஊன்றிப்போன பெயரை மாற்றினால் குழப்பம்தான் என்று தன் சிறப்பு அதிகாரத்தால் சாங்கஸை விலக்கி, டர்பினெல்லாவை நிலைநிறுத்தியது. கரீபியக் கடலிலும் பிரேசில் கரையிலும் வாழும் இதன் உறவுகளுக்கும் அதே பேரினப் பெயர்தான். ஆணையம் சொன்ன காரணம் புரிகிறது. ஆனாலும் நம் சொல் விழுந்ததில் எனக்கு வருத்தம்தான்.

கடைசியில் ஏழு லேபிளிலும் 'டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767)' என்றே எழுதினேன். அந்த அடைப்புக்குறியை விடக்கூடாது: இனத்துக்குப் பெயர் வைத்தவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதற்கு அதுதான் அடையாளம். கீழே சிறிய எழுத்தில் 'சங்கு. முன்பு சாங்கஸ்' என்று சேர்த்தேன். பழைய நான்கு லேபிளையும் அந்தந்தச் சங்கின் அடியிலேயே மடித்து வைத்திருக்கிறேன்.