சாமி மேடையும் சமையற்கட்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடு பார்க்க வரும் பெண்கள் ஹாலில் நிற்பதில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே சமையற்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறப்பார்கள். தண்ணீர் என்ன வேகத்தில் விழுகிறது, நீட்டிக் கட்டிய பின்பக்கக் கூரை ஒழுகுமா, கேஸ் தோம்பு வைக்க இடம் எங்கே, பின்சந்து வடிகால் நாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஹாலுக்கு வந்து உட்காருவார்கள். இந்த வட்டாரத்தில் வீட்டு முகவராக வேலை செய்யும் எனக்கு, ஒரு வீட்டை விற்பனைக்கு எப்படித் தயார்செய்வது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

கோலாலம்பூரில் இதற்கென்றே தனித் தொழில் நடக்கிறது. சோபா, விரிப்பு, விளக்கு, சுவர்ப்படம் எல்லாம் வாடகைக்கு வரும். படம் எடுத்து, வீடு விற்றதும் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள். காலியாகக் கிடக்கும் புதுக் கொண்டோவுக்கு அது சரி. கட்டில் போட்டால்தான் அறையின் அளவு கண்ணுக்குப் பிடிபடும். எங்கள் ஊரில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் மனிதர் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருமாடி வரிசை வீடுகள். வாங்க வருபவர்களும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் இளம் குடும்பங்கள், ஆசிரியர்கள், பிள்ளைக்கு வீடு தேடும் பெற்றோர்கள். அவர்கள் தலையணை உறையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. விற்பவர் கையில் மூவாயிரம் வெள்ளி இருந்தால், கூரைக்கும் குழாய்க்கும் சாயத்துக்கும் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

பணத்தைவிடக் கடினமான வேலை, பொருள்களைக் குறைப்பது. காரணம் இந்தத் தாமான் குடியிருப்புகளில் குடியேறியவர்களின் கதையில் இருக்கிறது. பலர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவர்கள். ரப்பர் பால்வெட்டும் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். சொந்தம் என்று சொல்ல ஒரு கதவுகூடக் கிடையாது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் துண்டு போட்டபோது எத்தனையோ குடும்பங்கள் வீதிக்கு வந்தன. இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தத் தலைமுறையோ அவர்களின் பிள்ளைகளோ சேமநிதிப் பணத்தைப் போட்டு, தன் பெயரில் முதன்முதலாக வாங்கிய வீட்டில் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். பித்தளைக் குடம், கல்யாணப் பந்தி அண்டா, உடைந்த தையல் மெஷின் எல்லாம் ஸ்டோரில் இருக்கும். அதைக் குப்பை என்று சொல்லும் முகவரை எனக்குப் பிடிக்காது. எது யாருக்குப் போகிறது என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்வேன். போகும் இடம் தெரிந்தால் மனசு விட்டுக்கொடுக்கும்.

தனியாக இருந்த ஒரு பாட்டியின் வீடு அப்படித்தான் வந்தது. மகள் ஷா ஆலாமில் இருக்கிறார். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடிவு செய்து, போனில் என்னிடம் பட்டியல் போட்டார்: பழைய அலமாரி போகட்டும், படங்கள் எல்லாம் இறக்கட்டும், சாமி மேடையையும் எடுத்துவிடுங்கள், சீனர் மலாய்க்காரர் எல்லாரும் பார்க்க வருவார்கள் அல்லவா என்று. ஒரு முகவராகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. வீட்டைப் பார்ப்பவர் தன் குடும்பத்தை அங்கே நினைத்துப் பார்க்க இடம் வேண்டும். ஆனால் பாட்டி திண்ணையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"ஏங்கண்ணு, சாமிய எறக்கிட்டா இது வீடாம்மா? நா இன்னும் இங்கதான இருக்கேன்."

"இப்ப வேணாம் பாட்டி. நீங்க நாள் பாத்துச் சொல்லுங்க. மேல இருக்கிற பெரிய படங்கள மட்டும் அக்கா வீட்டுக்குக் கொண்டு போவோம். முருகன் படமும் காமாட்சி விளக்கும் நீங்க போற வரைக்கும் இருக்கட்டும்."

மகளிடமும் அதையே சொன்னேன். ஆள் குடியிருக்கும் வீட்டில் சுத்தமாகத் துடைத்த ஒரு சின்ன மேடை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வெற்றுச்சுவரில் நான்கு ஆணி ஓட்டையும் ஒரு கறுப்புத் திட்டும் இருப்பதுதான் கண்ணை உறுத்தும். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் பாட்டியே படங்களை வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

படங்களுக்குப் பின்னால் சுவர் முழுக்க எண்ணெய்க் கரி. சாயம் அடிக்க வந்த பையன் நேராக வெள்ளை எமல்ஷனில் ரோலரை முக்கினான். நிறுத்தச் சொன்னேன். கரியின் மேல் தண்ணீர்ச் சாயம் அடித்தால் காயும்போது வெள்ளையாகத்தான் தெரியும். சில நாளில் பழுப்பும் மஞ்சளுமாகக் கறை மேலே ஏறிவரும், எத்தனை கை அடித்தாலும் வரும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் மேலிருந்து கீழாகத் துடைத்தோம். வாளித் தண்ணீர் காப்பிக் கஷாயமாக மாறியது. வழுவழுப்பு விரலில் ஒட்டாமல் போகும்வரை துடைத்து, ஒருநாள் காயவிட்டு, ஆணி ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்து, எண்ணெய் சேர்ந்த சீலர் ஒரு கை, அதன் மேல் எமல்ஷன் இரண்டு கை. அடுப்புக்கு மேல் உள்ள சுவருக்கும் சிலிங்குக்கும் இதே வைத்தியம்தான். தமிழர் வீட்டுச் சமையற்கட்டுத் தாளிப்புப் புகையும் விளக்குப் புகையும் எத்தனை வருஷம் படிந்திருக்கும்! அதைக் கழுவாமல் அடிக்கும் சாயத்துக்குக் கூலி கொடுப்பது வீண்.

ஓதம் ஏறிய சுவருக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. பி.வி.சி. பலகை ஒட்டினால் மறைந்துவிடும் என்று மராமத்துக் குத்தகைக்காரர்கள் விற்பவரிடம் சொல்வார்கள். அப்படி ஒட்டிய வீட்டை நான் கையில் எடுப்பதில்லை. பழைய வீடுகளுக்கான ஒப்பந்தத்தில் 'இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பி ஆயுள் சேமிப்பைக் கொடுப்பவர், ஆறு மாதத்தில் பலகைக்குப் பின்னால் பூஞ்சணத்தைப் பார்த்தால் யாரிடம் போவார்? குளியலறைக் குழாய் கசிகிறதா, கூரை ஓடு நகர்ந்திருக்கிறதா என்று மூலத்தைப் பார்த்துச் சரிசெய்வது பல நேரம் பலகையைவிட மலிவு. சரிசெய்யப் பணம் இல்லையென்றால் வாங்குபவரிடம் இடத்தைக் காட்டிவிட்டு விலையில் பேசிக்கொள்ளலாம். காட்டியதால் விற்பனை முறிந்த வீடு எனக்கு நினைவில்லை.

மற்றவை சுலபம். நாக்கோ ஜன்னலின் அடுக்குக் கண்ணாடிகளைக் கழற்றிக் கழுவினாலே பாதி வீடு வெளிச்சமாகும். கனத்த திரைச்சீலையை இறக்குங்கள். போர்ச்சில் பழைய மோட்டார் சைக்கிளும் டயரும் வேண்டாம். பார்க்க வருபவர்களைக் காலையில் வரச்சொல்லுங்கள், சாயங்காலம் இடிமழைக்கு முன் இருட்டிவிடும். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் மகாத்மா காந்தி கலாசாலை எவ்வளவு தூரம் என்று கட்டாயம் கேட்பார்கள். துன் சம்பந்தன் 1954இல் எழுப்பிய தமிழ்ப்பள்ளி அது. பிள்ளை நடந்தே போகலாம் என்றால், அதைவிட நல்ல அலங்காரம் அந்த வீட்டுக்குக் கிடையாது.

தயாரிப்பில் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவது காகிதங்களை. நான் முதல் நாளே கிராண்டை, அதாவது நிலப்பட்டாவை, எடுத்துவரச் சொல்வேன். 99 ஆண்டுக் குத்தகை நிலமா? கைமாற்றுவதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்று கிராண்டில் எழுதியிருக்கிறதா? இருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதை வாங்குபவர் முன்பே அறிய வேண்டும். நிலவரி, மதிப்பீட்டு வரி ரசீதுகள் பாக்கியில்லாமல் இருக்கட்டும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் கிராண்டு என்றால் சாயத்தைப் பற்றிப் பேசுவதே அப்புறம்தான்.

பின்னால் நீட்டிக் கட்டிய சமையற்கட்டுக்கு நகராண்மைக் கழக அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், அனுமதியில்லாத கட்டடத்துக்கு மதிப்புப் போடாமல் விடலாம். அப்போது அடி விழுவது வாங்குபவருக்கு. 2,20,000 வெள்ளிக்குப் பேசிய வீட்டை வங்கி 2,00,000 என்று மதிப்பிட்டால், 90 விழுக்காட்டுக் கடன் 1,80,000தான். 22,000 வெள்ளி போதும் என்று வந்த குடும்பம் 40,000 புரட்ட வேண்டும். வக்கீல் செலவு தனி. விற்பனைகள் முறிவது இங்கேதான். ஹாலில் என்ன சோபா போட்டிருந்தாலும் மதிப்பீட்டு அறிக்கையில் அது ஏறாது. பழைய வரைபடம், அனுமதிக் கடிதம், மராமத்து ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து மதிப்பீட்டாளர் வரும்போது கையில் கொடுங்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ இருந்துகொண்டு பூட்டிவைக்கும் வீடுகளுக்காக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா அம்மா போனதும் முதல் வேலையாக மின்சாரத்தையும் தண்ணீரையும் வெட்டிவிடுகிறார்கள். மாதம் சில வெள்ளி மிச்சம். நான் கைப்பேசி விளக்கை அடித்துக்கொண்டு அறை அறையாகக் காட்ட வேண்டியிருக்கிறது. குழாயைத் திறக்கும் அம்மாவுக்குக் காற்றுதான் வரும், அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். விற்று முடியும்வரை இரண்டு மீட்டரும் ஓடட்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள், கரையான் மண் தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.