ஒரே ஒயினை ஆழமாகப் படியுங்கள்: டபிள்யூஎஸ்இடி மூன்றாம் நிலைக்கு ரிபேரா டெல் டுவேரோ

ஒயின் பற்றிப் பாடமும் தேர்வும் நடத்தும் டபிள்யூஎஸ்இடி அமைப்பின் மூன்றாம் நிலையில் சுவைத்தல் தேர்வுக்கு 30 நிமிடம்தான். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு; பெயர் சொல்லாமல் ஊற்றி வைப்பார்கள். எந்த ஒயின் என்று கண்டுபிடிக்க வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை. வாயில் இருப்பதை அளந்து எழுதுவதற்குத்தான் மதிப்பெண்.

அந்த அளவு பிடிபட, அழுத்தமான ஒரு சிவப்பு ஒயினை எடுத்து முழுசாகப் படிப்பதே நல்ல வழி என்பேன். எனக்கு அது ஸ்பெயினின் ரிபேரா டெல் டுவேரோ. காஸ்டில்-லியோன் பகுதியில் டுவேரோ ஆற்றை ஒட்டிய உயரமான பீடபூமி. பல தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலே. 1982-ல் டிஓ (ஒரு பகுதியின் ஒயினுக்கு ஸ்பெயின் சட்டப்படி தரும் பெயர் உரிமை) தகுதி பெற்றது. திராட்சை டெம்ப்ரானியோ, அந்த ஊரில் டின்டோ ஃபினோ என்பார்கள். கோடைப் பகலில் வெயில் கொளுத்தும், இரவில் நன்றாகக் குளிரும். பகல் வெயிலில் பழம் முழுதாகப் பழுத்துச் சர்க்கரை ஏறுவதால் ஆல்கஹால் கூடுகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இந்தக் காரணச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால், எழுத்துத் தேர்வில் 'ஏன் இப்படிச் சுவைக்கிறது' என்று வரும் கேள்விக்கும் அதுவே விடை.

வாசனையில் பிளாக்பெர்ரி, கருப்பு பிளம்; ஓக் பீப்பாயிலிருந்து வெண்ணிலா, கிராம்பு, புகை; வயதான ஒயினில் பதனிட்ட தோல், புகையிலை. கிராம்பு நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பிளாக்பெர்ரி அப்படியில்லை. உறைய வைத்த பழமோ ஜாமோ வாங்கி, தினமும் முகர்ந்து பழகுங்கள். இது இல்லாமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை.

சிரமமானது புளிப்பை அளப்பது. பழுத்த பழச் சுவையும் ஆல்கஹாலும் அதை மூடிவிடும். ஒயினைத் துப்பிவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனியுங்கள். எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று பாருங்கள். நாக்கு சொல்வதைவிட எச்சில் சொல்வதை நம்பலாம். டானினுக்கு, அதாவது திராட்சைத் தோலிலிருந்தும் ஓக்கிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருளுக்கு, நாக்கை ஈறில் தேய்த்துப் பாருங்கள், துவர்ப்பு அங்கேதான் பிடிக்கும். ஆல்கஹால் 14 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 'உயர்வு' என்று எழுத வேண்டும். லேபிளைப் பார்க்கும் முன் ஒவ்வொரு முறையும் ஊகித்துப் பழகுங்கள்.

லேபிளில் கிரியான்சா என்றால் 24 மாதம் முதிர்ந்தது, அதில் 12 மாதம் ஓக்கில். ரிசர்வா என்றால் மொத்தம் 36 மாதம், கிரான் ரிசர்வா 60. கிரான் ரிசர்வாவுக்கு ஓக்கில் மட்டுமே 24 மாதம்.

அப்புறம் உணவு. புத்தகத்தில் படிப்பதைவிட இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும். ஒரு தட்டில் உப்பு, எலுமிச்சைத் துண்டு, சர்க்கரை, வேகவைத்த காளான் வையுங்கள். ஒவ்வொன்றையும் கொஞ்சம் வாயில் போட்டு, பின்னால் ஒரு மிடறு ஒயின். உப்புக்கும் எலுமிச்சைக்கும் பிறகு துவர்ப்பு இறங்கி, பழச்சுவை மேலே வரும். சர்க்கரைக்கும் காளானுக்கும் பிறகு அதே ஒயின் கசந்து, வறண்டு போகும். முதல் தடவை நம்பவே முடியாது! காளான் விஷயத்தில் அதில் இருக்கும் உமாமி என்ற சுவைதான் காரணம்; உணவில் கூடவே உப்பும் இருந்தால் பாதிப்பு குறையும்.

இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பகுதியின் அரண்டா டி டுவேரோ ஊரில் செய்யும் லெச்சாசோ என்ற இறைச்சி உணவு ஏன் அந்த ஒயினோடு அவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும். பால் மட்டுமே குடித்த ஆட்டுக்குட்டியை மண் பாத்திரத்தில் வைத்து, விறகு அடுப்பில் வாட்டுவார்கள். உப்பும் தண்ணீரும் தவிரப் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை. உப்பு துவர்ப்பைத் தணிக்கும், ஒயினின் புளிப்பு கொழுப்பின் பிசுபிசுப்பை அறுக்கும். விடைத்தாளில் 'ஆட்டிறைச்சிக்கு நன்றாக இருக்கும்' என்று நிறுத்தாதீர்கள். உப்பு, கொழுப்பு, புளிப்பு என்று காரணத்தையும் எழுதுங்கள்.

நம் வீட்டுக் காரமான மட்டன் குழம்போடு இதைக் குடித்துப் பழக நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். காரம் பிடித்தவர்களுக்கு அது சந்தோஷம்தான், ஆனால் பயிற்சி நாளில் வேண்டாம். நாக்கு அளவு தவறும். ஒயின் 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். நம் அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும், எனவே முன்கூட்டியே கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.