டிக் ஃபீவரும் டீச்சர் வீடும்

காப்பகத்தில் ஃபாஸ்டர் வேலைகளை, அதாவது நாய்களை நிரந்தர வீடு கிடைக்கும்வரை யாராவது ஒருவர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை, கவனிப்பது நான்தான். நாய் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் குட்டிதான் கேட்பார்கள். நோயாளி நாயைக் காட்டினால் 'பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வீடு கட்டாயம் தேவைப்படுவது அந்த நோயாளிக்குத்தான். பாசத்துக்காகக்கூட இல்லை, கவனிப்புக்காக. ஒரே கொட்டகையில் முப்பது நாய் சாப்பிடும்போது, எது தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பியது என்று எங்களால் எப்படிப் பார்க்க முடியும்?

செவலை வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிப்போயிருந்தது. காது மடலுக்குள் சாம்பல் நிறத்தில் உண்ணிகள் உப்பிக் கிடந்தன. நாய்க்கு ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) ரெண்டு லட்சமாவது இருக்க வேண்டும். இவளுக்கு முப்பதாயிரம்கூட இல்லை. எர்லிச்சியா, அதாவது உண்ணி கடித்துப் பரவுகிற, எல்லோரும் டிக் ஃபீவர் என்று சொல்கிற காய்ச்சல்.

டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள். விலை பெரிதில்லை, விடாமல் கொடுத்து முடிப்பதுதான் பாடு. ரெண்டு மூணு நாளில் காய்ச்சல் இறங்கி நாய் வாலாட்டத் தொடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து, மாதக்கணக்கில் கழித்து எலும்பு மஜ்ஜையில் கை வைக்கும்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் செவலையை எடுத்துக்கொண்டார். "தயிர்சாதத்துல வெச்சுக் குடுத்துடறேன் தம்பி" என்றார்.

"தயிர், பால் ரெண்டும் வேண்டாம் டீச்சர். கால்சியம் இந்த மருந்தை உடம்புல சேர விடாது. கோழி ஈரல்ல வெச்சா முழுங்கிடும்."

"ஈரலா? நம்ம வீட்டுலயா?"

சரி, இட்லி என்று முடிவானது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். மாத்திரை தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். அதனால் கூடவே தண்ணீரும்.

காலையில் ஈறு போட்டோ வாட்ஸப்பில் வந்துவிடும். நாற்பது பிள்ளைகள் நோட்டைத் திருத்திய கண் அல்லவா! ஒருநாள் போட்டோவுக்குப் பதில் போன் வந்தது. "வலது கண்ணுல நீலமா ஒரு மங்கல் தெரியுது தம்பி. வெளிச்சத்துல கண்ணை இடுக்கறா." டாக்டர் பார்த்துவிட்டுக் கண்ணுக்குள் அழற்சி என்றார். இந்தக் காய்ச்சல் கண்ணையும் விடாது. அன்றே சொட்டு மருந்து ஆரம்பித்ததால் பார்வை தப்பியது. கொட்டகையில் இருந்திருந்தால், அவள் எதிலாவது முட்டிக்கொண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உண்ணி விஷயத்தில்தான் டீச்சருக்கும் எனக்கும் வாக்குவாதம். நாய்க்கு மருந்து போட்டாயிற்றே, சுவரில் எப்படி ஏறுகிறது என்று கேட்டார். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு விழுந்து, சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாயைச் சுத்தம் செய்தால் பாதி வேலைதான் முடிந்த மாதிரி. அவர் நம்பவில்லை. பிறகு டார்ச்சோடு கட்டிலைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்.

மாத்திரை முடிந்ததும் எடுத்த பரிசோதனையில் தட்டணு ரெண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. செவலை தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்கு நிரந்தரமாகப் போய்விட்டாள். அடுத்த நாயை எப்போது அனுப்பலாம் என்று டீச்சரைக் கேட்டேன். "பத்து நாள் பொறு. கொத்தனார் வந்திருக்கார், விரிசலையெல்லாம் பூசச் சொல்லியிருக்கேன்" என்றார்.